எழுத்துரு அடைவின் அலங்கோலம்

என் கணினியிலுள்ள எழுத்துருக்களை ஒழுங்குபடுத்த உட்காரும்போதெல்லாம் அரை நாள் கரைந்துபோகிறது. கோப்பின் பெயர் ஒன்றாகவும் மென்பொருளின் பட்டியலில் தெரியும் பெயர் வேறாகவும் இருப்பதால், எதை நீக்குகிறோம் என்றே தெரிவதில்லை. துணிந்து நீக்க முயன்றாலோ, அது பயன்பாட்டில் இருக்கிறது என்று கணினி மறுத்துவிடுகிறது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்ட பிறகும், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்றும் எனக்கு வந்துகொண்டிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல், நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சியளிக்கிறது. மகர மெய்யின் புள்ளிதான் அப்படி அரைப்புள்ளியாகி நிற்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த ஏற்பாடு என்பதால், அக்கோப்புகளில் ஒரு தமிழ்ச் சொல்லை யூனிகோடில் தட்டித் தேடினால் அகப்படாது. இவற்றைத் திறப்பதற்காகவே பழைய எழுத்துருக்களையெல்லாம் நீக்காமல் வைத்திருக்கிறேன்.

யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மொத்தமாக எழுத்துரு மாற்றும் மென்பொருளில் இட்டால், கட்டுரையின் நடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகச் சிதைந்துவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவது யார்?