விலையேற்றத்துக்குத் தடை இல்லை, ஏற்றும் முறைக்குத்தான்

போனும் சிம்மும் சேர்த்துத் தரும் மொபைல் ஒப்பந்தங்களைப் பற்றி, "பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், நடுவில் விலை ஏற்றத் தடை போட்டுவிட்டது, மாதம் 18 பவுண்டு டீல் என்றால் 24 மாதமும் 18தான்" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. 2025 ஜனவரி 17 முதல் போடும் ஒப்பந்தங்களில், பணவீக்கத்தையோ சதவீதத்தையோ வைத்து நடுவில் விலை ஏற்றக்கூடாது. அவ்வளவுதான். எப்போது, எத்தனை பவுண்டு பென்ஸ் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாராளமாக ஏற்றலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூனில் சேர்கிறீர்கள், ஒவ்வொரு ஏப்ரலிலும் 1.80 ஏறும் என்று ஒப்பந்தம் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். 18 பவுண்டில் 10 மாதம், 19.80-இல் 12 மாதம், 21.60-இல் 2 மாதம். மொத்தம் 460.80, நீங்கள் நினைத்த 432 இல்லை. அதே டேட்டா வெறும் சிம் மட்டும் மாதம் 8 பவுண்டுக்குக் கிடைத்தால், 24 மாதத்துக்கு 192. மீதி 268.80 போனுக்கான விலை. "இலவச போன்" என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு! கடையில் அந்த போன் அதைவிட மலிவாக இருந்தால் டீல் நஷ்டம்தான்.

அப்புறம், சொன்னதற்கு மேல் ஏற்றினால் அபராதம் கட்டாமல் விலகலாம். சொன்ன அளவுக்கே ஏற்றினால் அந்த உரிமை கிடையாது.