பாயின்செட்டியா இலை உயிரைக் கொல்லுமா?

பாயின்செட்டியா என்பது கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கும், உச்சி இலைகள் சிவந்த தொட்டிச் செடி. கிறிஸ்துமஸ் நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு எச்சரிக்கை சுற்றும்: 'பாயின்செட்டியாவின் ஓர் இலையைத் தின்றாலே குழந்தை செத்துவிடும், வீட்டுக்குள் வைக்காதீர்கள்.' இது தவறு.

1919இல் ஹவாயில் இரண்டு வயதுக் குழந்தை இறந்ததற்கு இந்த இலைதான் காரணம் என்று பேச்சு கிளம்பியது, நிரூபிக்கப்படவே இல்லை. அமெரிக்க நச்சு உதவி மையங்களில் இந்தச் செடி தொடர்பாகப் பதிவான 22,793 சம்பவங்களை 1996இல் வெளியான ஆய்வு அலசியது. ஒரு சாவுகூட இல்லை.

கள்ளிக்கு உறவுக்காரச் செடி என்பதால் சந்தேகம் வருவது நியாயம்தான். காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும். தோலில் பட்டால் அரிக்கலாம், தின்றால் வாந்தி வரலாம். பூனைக்கும் அப்படித்தான்.

அப்புறம், வீட்டுக்குள் செத்துப்போவது பெரும்பாலும் செடிதான். தொட்டியைச் சுற்றிய பளபளத் தாளுக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். தாளின் அடியில் ஓட்டை போடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.