பருந்துக் கதையும் பஃபே சாப்பாடும்

எங்கள் ஷூ கம்பெனியில் மறுபடியும் ஒரு தலைமைப் பண்புப் பயிற்சி நடந்து முடிந்திருக்கிறது. வேலூரில் ஏசி ஹால், சென்னையிலிருந்து கோட்டு போட்ட பயிற்சியாளர், சட்டையில் குத்திய மைக், மதியம் பஃபே. ராணிப்பேட்டையிலிருந்து சூப்பர்வைசர்கள் அத்தனை பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் ஒரு சூப்பர்வைசர் என்பதால் போனேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முதலில் பருந்துக் கதை. நாற்பது வயதானதும் பருந்து மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம், நகங்களைப் பிடுங்கிப் போடுமாம், எல்லாம் புதிதாக முளைத்தபின் இன்னும் முப்பது ஆண்டு வாழுமாம். எந்தப் பருந்தும் இப்படிச் செய்வதில்லை ஐயா! அலகு உடைந்த பருந்து பட்டினி கிடந்து சாகும். இந்தப் புளுகுக்குக் கைதட்டிய கையோடு, செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டும் விளையாட்டு. பிறகு ஆங்கிலத்தில் ஸ்லைடு மேல் ஸ்லைடு. ஹாலில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். தலையை ஆட்டி வைத்தார்கள். ‘ஊழியரோடு உரையாடுவது எப்படி’ என்ற வகுப்பு அது. எதிரே இருப்பவனுக்குப் புரிகிறதா என்று ஒருமுறைகூடக் கேட்காமல் அதை நடத்தி முடித்தார் அந்த மனிதர்.

அவரைச் சொல்லியும் பயனில்லை. அவரை அழைத்தவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஆற்காடு, வாலாஜா, அம்மூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்து தையல் மெஷினில் உட்காருகிற பெண்களிடம், “உங்கள் சூப்பர்வைசருக்கு என்னம்மா கற்றுக்கொடுக்க வேண்டும்?” என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நோயாளியைப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதுகிறார்கள்.

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அண்மையில் ஒரு லைனில் நடந்ததைச் சொல்கிறேன். புதிய நூல் வந்திருந்தது. காலையிலேயே ஓர் அக்கா, “சார், இந்த நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறது” என்று ஷூவின் மேல்பாகத்தைக் கையில் தூக்கிக் காட்டியிருக்கிறார். “டார்கெட் போகிறது, பேசாமல் தை” என்று அந்த லைன் சூப்பர்வைசரிடமிருந்து பதில் வந்தது. துணியாக இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைத்துக்கொள்ளலாம். தோலில் ஊசி இறங்கிய துளை இறங்கியதுதான், அது மூடாது. மாலையில் தரச்சோதனை மேசையில் கழித்துப்போட்டவை குவியலாகக் கிடந்தன. மறுநாள் கூட்டத்தில் திட்டு வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே அக்காதான். “பேசாமல் தை” என்றவர் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து ‘சிறந்த பங்கேற்பாளர்’ சான்றிதழும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சரி, அந்த அக்கா புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம். புகார்ப் பெட்டி மேனேஜர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே தொங்குகிறது. அதையும் மீறிக் காகிதம் போட்டால், விசாரிக்கச் சொல்லி அதே சூப்பர்வைசர் கைக்கே அது வந்து சேரும்.

இந்தக் கூத்து வேலூருக்குப் புதிதும் அல்ல. பயிற்சி நடந்த ஹாலிலிருந்து ஆட்டோ பிடித்தால் கோட்டை வந்துவிடும். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் புதுத் தலைப்பாகை உத்தரவு வந்தது. தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது. சிப்பாய்கள் மறுத்தார்கள். மறுத்தவர்களைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்து, சிலருக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். 1806 ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடமே போய்ச் சொன்னார். கர்னல் என்ன செய்தார்? அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடம் விட்டார். அவர்களில் பலர் அந்தத் திட்டத்திலேயே இருந்தவர்கள். முஸ்தபா பேக் பைத்தியம் என்று சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். ஜூலை 10 விடியும் முன் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. (முஸ்தபா பேக் காட்டிக்கொடுத்தவர் அல்லவா என்று சண்டைக்கு வராதீர்கள். அந்த வழக்கு வேறு. நான் இங்கே பார்ப்பது கர்னலின் நிர்வாகத்தை.) இருநூறு ஆண்டு கழித்தும் எங்கள் புகார்ப் பெட்டி கர்னல் ஃபோர்ப்ஸின் முறைப்படியே நடக்கிறது.

பயிற்சி முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். ஹால் வசதியா, சாப்பாடு எப்படி, பயிற்சியாளர் எப்படி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்? எல்லோரும் ஐந்து போட்டார்கள். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. பயிற்சியை நான்கு படிகளில் மதிப்பிட வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதிவிட்டார். பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையிடத்தில் நடத்தை மாறியதா, அதனால் பலன் விளைந்ததா என்பவை அந்த நான்கு. எங்கள் படிவம் முதல் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது படிக்கு விடை சொல்லக்கூடியவர்கள் லைனில் இருக்கும் பெண்கள் மட்டுமே. அவர்கள் கைக்கு எந்தப் படிவமும் போகவில்லை.

நிர்வாகத்தின் பதிலும் எனக்கு மனப்பாடம். “அவர்களைக் கேட்டால் கேன்டீன் சாம்பாரையும் பஸ்ஸையும்தான் பேசுவார்கள்.” பேசட்டுமே! கம்பெனி பஸ் தாமதமாக வந்ததற்கு அவர்கள் சம்பளத்தில் அரை மணி நேரத்தைப் பிடித்தால் வேறு எதைப் பேசுவார்கள்? சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் என்னிடம் சொல்பவை இன்னும் சின்னவை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், “ஏய்” வேண்டாம். கழிப்பறைக்குப் போக நாலு பேர் முன்னால் அனுமதி கேட்க வைக்காதீர்கள். காலையில் டார்கெட் மாறினால் காலையிலேயே சொல்லுங்கள். இதில் எதற்கு ஐயா பருந்து?

தொழிலாளரும் நிர்வாகமும், தொழிலாளர் எண்ணிக்கை குறையாமல், உட்கார்ந்து பேசக் குழு வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே எழுதப்பட்டது. எங்கள் கம்பெனியிலும் அப்படி ஒரு குழு இருக்கிறது, கோப்பில். தணிக்கைக்கு ஆள் வரும் வாரத்தில் அந்தக் கோப்பு தூசி தட்டப்படும்; நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்குவார்கள்.

அடுத்த பயிற்சியைக் கேன்டீனிலேயே வையுங்கள், தமிழில். லைனுக்கு இரண்டு தையல்காரர்கள் முன்னால் உட்கார்ந்து பேசட்டும், நாங்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறோம். மூன்று மாதம் கழித்து, எங்களில் யார் மாறினோம், யார் மாறவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள்; சொன்னவர் பெயர் எங்கள் காதுக்கு வரக்கூடாது. அவர்கள் எழுந்து வந்தால் இரண்டு மணி நேர உற்பத்தி போய்விடும் என்று ஆரம்பிக்காதீர்கள். கழித்துப்போட்ட அந்தக் குவியலின் விலையை முதலில் எண்ணுங்கள். அப்புறம் இதற்கும் பதில் சொல்லுங்கள்: சூப்பர்வைசர்கள் அத்தனை பேரும் நாள் முழுக்க வேலூரில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே லைனை ஓட்டிக்கொண்டிருந்தது யார்?