பட்டாளம் போகாத பட்டாளத்து வாத்தியார்

(மாமனார், பட்டாளத்தில் சப்ளை பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மருமகள் வரலாறு படித்தவள். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம். இருந்திருந்தால் இந்தப் பேச்சை இவ்வளவு தூரம் வளர விட்டிருக்க மாட்டார்கள்.)

மாமனார்: ஏம்மா, காலையிலேர்ந்து அந்தப் புஸ்தகத்தைக் கீழ வைக்கலியே. யார் எழுதினது?

மருமகள்: ஜான் கீகன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், மாமா. போர் வரலாறு எழுதினவர். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ அகாடமியில 26 வருஷம் பாடம் நடத்தியிருக்கார்.

மாமனார்: (நிமிர்ந்து உட்கார்ந்து) சாண்ட்ஹர்ஸ்டா! அப்ப பெரிய ஆபீசரா இருப்பாரே. எந்த ரெஜிமென்ட்?

மருமகள்: ரெஜிமென்ட் எல்லாம் கிடையாது மாமா.

மாமனார்: ஏர்ஃபோர்ஸா?

மருமகள்: இல்ல.

மாமனார்: நேவியா? கப்பல்காரருக்கு சாண்ட்ஹர்ஸ்ட்ல என்ன வேலை?

மருமகள்: மாமா, அவர் எந்தப் பட்டாளத்துலயும் சேரல.

மாமனார்: சேரலைன்னா? சேர்ந்துட்டு ஓடி வந்துட்டாரா?

மருமகள்: ஐயோ, சேரவே முடியல. 1934ல லண்டன் கிளாப்பம்ல பிறந்தவர். 13 வயசுல எலும்புல காசநோய். படிக்க வேண்டிய வயசுல ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தார். எழுந்து வந்தப்ப தாங்கித் தாங்கித்தான் நடக்க முடிஞ்சது. ராணுவத்துக்கு லாயக்கில்லைன்னு ஆயிடுச்சு.

மாமனார்: பாவம். (கொஞ்சம் பொறுத்து) சரி, லாயக்கில்லாதவரைக் கூப்பிட்டு அந்த ராணுவமே வாத்தியார் வேலை குடுத்துச்சாக்கும்?

மருமகள்: 1960ல குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் காலேஜ்ல வரலாறு படிச்சார். அப்புறம் சில வருஷம் லண்டன் அமெரிக்கத் தூதரகத்துல வேலை.

மாமனார்: குண்டு சத்தம் கேட்காத ஆள், குண்டு போடப் போற பசங்களுக்குப் பாடம்! அந்தப் பசங்க சிரிக்கலியா?

மருமகள்: அவருக்கே அந்தக் கூச்சம் உண்டு மாமா. 1976ல வந்த 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' புத்தகத்துல எடுத்த எடுப்பிலேயே ஒத்துக்கிறார். நான் போர்ல இருந்ததில்ல, பக்கத்துல போனதில்ல, தூரத்துலேர்ந்து சத்தம்கூடக் கேட்டதில்லன்னு.

மாமனார்: முதல் பக்கத்துலயே வா? நம்ம ஆளுங்க கடைசிப் பக்கத்துலகூடச் சொல்ல மாட்டாங்க. சரி, தெரியாதுன்னு சொல்லிட்டு எத்தனை பக்கம் எழுதினார்?

மருமகள்: முந்நூறுக்கு மேல. மூணே மூணு சண்டை. 1415ல ஃபிரான்ஸ்ல அஜின்கோர்ட், 1815ல நெப்போலியன் தோத்த வாட்டர்லூ, 1916ல முதல் உலகப் போர்ல சோம். எந்தத் தளபதி எந்தப் பக்கம் அம்புக்குறி போட்டான்ங்கறதை விட்டுட்டு, அங்க நின்ன சாதாரணச் சிப்பாய்க்கு என்ன ஆச்சுன்னு பார்த்தார். என்ன சாப்பிட்டான், தூங்கினானா, குடிச்சிருந்தானா, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிஞ்சது, ஏன் ஓடாம நின்னான்.

மாமனார்: சாப்பாட்டைப் பத்தியா? போர் புஸ்தகத்துலயா? (நாற்காலியைக் கிட்டே இழுக்கிறார்.) சொல்லும்மா.

மருமகள்: அஜின்கோர்ட்டுக்கு வர்ற இங்கிலீஷ் படை கையில 8 நாள் சாப்பாட்டோட கிளம்புது. ஆனா கிளம்பின 17ஆவது நாள்தான் சண்டையே.

மாமனார்: எட்டு நாள் ரேஷனுக்குப் பதினேழு நாளா! இண்டென்ட் போட்டவன் யாரு?

மருமகள்: ராஜா ஐந்தாம் ஹென்றி.

மாமனார்: அவன்மேல என்கொயரி வைக்கலியா?

மருமகள்: ஜெயிச்சுட்டாரே மாமா.

மாமனார்: ஜெயிச்சா கணக்கு சரியாயிடுமா? எங்க டிப்போல இப்படி நடந்திருந்தா ஸ்டோர் கீப்பருக்குச் சம்பளம் கட்.

மருமகள்: இன்னும் கேளுங்க. அதுக்கு முன்னாடி ஹார்ஃப்ளூர்ங்கற ஃபிரெஞ்சு ஊரை முற்றுகை போட்டப்பவே நிறையப் பேருக்கு வயித்துப்போக்கு. அது நிக்காமலே நடந்து வந்தாங்க. ராத்திரி பூரா மழை. காலையில புதுசா உழுது விதைச்ச வயல்ல, சேத்துல நிக்கிறாங்க. வில்லாளிங்க பல பேர் கால்சட்டையை அவுத்துவிட்டுக்கிட்டே சண்டை போட்டதா அந்தக் காலத்துலயே எழுதி வெச்சிருக்காங்க.

மாமனார்: (பெரிய மரியாதையுடன்) இதை எழுதினாரா அந்த வாத்தியார்?

மருமகள்: இதையும் விடல அவர்.

மாமனார்: அப்ப விஷயம் தெரிஞ்ச ஆளுதான். மேல சொல்லு.

மருமகள்: வாட்டர்லூவுல குதிரைப்படை பாய்ஞ்சு வந்து காலாட்படை மேல மோதிச்சுன்னு படத்துல பார்க்கிறோம் இல்ல? அப்படி மோதவே இல்லங்கறார். துப்பாக்கி முனைல கத்தி சொருகி சதுரமா நிக்கிற கூட்டத்தைப் பார்த்தா, தாண்டவும் முடியாம, புகுந்து போகவும் வழி தெரியாம குதிரை தானா ஒதுங்கிடும்னு.

மாமனார்: இதுக்கு ஆக்ஸ்ஃபோர்டு போகணுமா? நான் கோவேறு கழுதையோட மல்லுக்கட்டினவன். ஒரு சாக்கு மூட்டை வழியில கிடந்தா தாண்டாது. கத்தி நீட்டினா தாண்டுமா? இத்தனை நாளா எப்படித்தான் எழுதினாங்க?

மருமகள்: எழுதினவங்க யாரும் கழுதை மேய்க்கல போலிருக்கு.

மாமனார்: (அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு) அதான்!

மருமகள்: அஜின்கோர்ட்ல பிணம் ஆள் உயரத்துக்கும் மேல குவிஞ்சதுன்னு பழைய குறிப்பு சொல்லுது. கீகன் நம்பல. விழுற மனுஷ உடம்பு செங்கல் சுவர் மாதிரி அடுக்கி நிக்காது, சரிஞ்சுடும்னு சொல்றார். சோம்ல சிப்பாய் முதுகுல எவ்வளவு சுமைன்னு பார்க்கிறார். கிட்டத்தட்ட 27 கிலோ.

மாமனார்: 27 கிலோவைத் தூக்கிக்கிட்டு ஓடணுமா!

மருமகள்: ஓடச் சொல்லல. நடந்தே போங்கன்னாங்க. ஒரு வாரம் 15 லட்சம் குண்டு வரைக்கும் போட்டாச்சு, எதிரில உயிரோட யாரும் இருக்க மாட்டாங்கன்னு நம்பிக்கை. ஜெர்மன்காரன் ஆழமாப் பள்ளம் தோண்டி உள்ள இருந்தான். பல இடத்துல முள்கம்பி அறுபடவே இல்ல. முதல் நாள் மட்டும் பிரிட்டிஷ் பக்கம் 57,000 பேருக்கு மேல சேதாரம். செத்தவங்க 19,240.

(மாமனார் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால் மருமகளும் காத்திருக்கிறாள்.)

மாமனார்: பத்தொன்பதாயிரம் சாப்பாடு அன்னிக்கு ராத்திரி மிச்சம்.

மருமகள்: மாமா!

மாமனார்: சமையல்காரன்தாம்மா முதல்ல தெரிஞ்சுக்குவான். அண்டா காலியாகாது. (பேச்சை மாற்றி) சரி, இந்த மனுஷனுக்குச் சண்டை மேல ஆசை எங்கேர்ந்து வந்துச்சு?

மருமகள்: சின்ன வயசுல. அப்பா பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். ரெண்டாம் உலகப் போரப்ப குடும்பத்தோட இங்கிலாந்தோட மேற்குப் பக்கம் போயிட்டாங்க. அங்க அமெரிக்கப் படை வந்து இறங்குது. ஜீப், பெரிய பெரிய லாரி, பையன்களுக்கு மிட்டாய். அப்புறம் 1944 ஜூன்ல ஒரு ராத்திரி வானம் பூரா விமானம். ஜெர்மன்காரன் பிடிச்சு வெச்சிருந்த ஃபிரான்ஸ்ல இருக்கற நார்மண்டிக்குப் போறாங்க. பத்து வயசுப் பையன் தோட்டத்துல நின்னு பார்த்திருக்கான். 1982ல நார்மண்டி பத்தி எழுதின புத்தகத்தை அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சார்.

மாமனார்: பார்த்தியா, லாரியைப் பார்த்துத்தான் மயங்கியிருக்கார். சப்ளை டிபார்ட்மெண்ட்!

மருமகள்: 1986ல 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகைக்குப் பாதுகாப்பு நிருபராப் போனார். வேலைக்கு எடுத்த ஆசிரியர் மாக்ஸ் ஹேஸ்டிங்ஸ். அவர் 1982ல பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போட்ட ஃபாக்லாந்து தீவுச் சண்டைல, பிரிட்டிஷ் படை நுழையறதுக்கு முன்னாடியே தலைநகர் போர்ட் ஸ்டான்லிக்குள்ள நடந்து போன நிருபர்.

மாமனார்: அது ஒழுங்கீனம்.

மருமகள்: 1998ல பிபிசி ரேடியோவுல, பெரிய அறிஞர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கிற ரீத் சொற்பொழிவு. 2000ல சர் பட்டம். 2012ல 78 வயசுல இறந்துட்டார். (புத்தகத்தை மூடி) சரி மாமா, உங்க 1971 பாகிஸ்தான் சண்டைக் கதையைச் சொல்லுங்க.

மாமனார்: நூறு தடவை சொல்லியாச்சே! ராத்திரி எதிரி பீரங்கி அடிக்கிறான். வானமே செவப்பு. கண்ணெதிர ஏழு டாங்க் பத்தி எரியுது...

மருமகள்: கீகன் கேட்கிற மாதிரி கேட்கட்டுமா? நீங்க எங்க நின்னீங்க?

மாமனார்: முன்னணியிலதான்.

மருமகள்: டிப்போ முன்னணியிலயா இருந்துச்சு?

மாமனார்: முன்னணிக்குப் பின்னணியில.

மருமகள்: எவ்வளவு பின்னணி?

மாமனார்: லாரில போனா... கொஞ்ச நேரம்.

மருமகள்: நின்னுக்கிட்டிருந்தீங்களா?

மாமனார்: குண்டு விழறப்ப யாரும்மா நிப்பா? லாரிக்கு அடியில படுத்திருந்தேன். தலைக்கு மேல ஸ்டாக் லெட்ஜரைப் பிடிச்சுக்கிட்டு.

மருமகள்: லெட்ஜர் குண்டைத் தடுக்குமா?

மாமனார்: எனக்கு ஒண்ணு ஆனாலும் கணக்கு போயிடக் கூடாதில்ல?

மருமகள்: லாரிக்கு அடியிலேர்ந்து என்ன தெரிஞ்சுது?

மாமனார்: (நீண்ட யோசனை) டயர்.

மருமகள்: ஏழு டாங்க்?

மாமனார்: சுபேதார் சொன்னார்.

மருமகள்: அவர் எங்க இருந்தார்?

மாமனார்: பக்கத்து லாரிக்கு அடியில.

மருமகள்: வாட்டர்லூவுல ஜெயிச்ச வெலிங்டனே சொல்லியிருக்கார் மாமா. ஒரு சண்டையோட கதையும் ஒரு நடன விருந்தோட கதையும் ஒண்ணுதான், அவனவனுக்கு நடந்த சின்னச் சின்ன விஷயம் ஞாபகம் இருக்கும், எது முன்ன எது பின்னன்னு யாருக்கும் தெரியாதுன்னு.

மாமனார்: அவர் தளபதி, சொல்லலாம். (குரலைத் தாழ்த்தி) ஏம்மா, இந்த வாத்தியார் தப்பே பண்ணதில்லியா?

மருமகள்: ஏன் பண்ணல? கிளாஸ்விட்ஸ்னு பிரஷ்யாக்காரர், அரசியலோட தொடர்ச்சிதான் போர்னு சொன்னவர். கீகன் 1993ல ஒரு தடிப் புத்தகம் போட்டு, அப்படி இல்லவே இல்லன்னு முதல் வரியிலேயே அடிச்சார். கிளாஸ்விட்ஸை இவருக்குச் சரியாப் புரியலைன்னு நிறையப் பேர் சண்டைக்கு வந்தாங்க. எனக்கும் அவங்க பக்கம்தான் நியாயம்னு தோணுது. அப்புறம் 2009ல அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்தி எழுதினார். அதுல கம்பர்லாந்து, டென்னஸி ஆறுகள் தெற்குப் பகுதிக்கு அகழி மாதிரிப் பாதுகாப்புன்னு எழுத, ஜேம்ஸ் மெக்ஃபர்சன்ங்கற அமெரிக்க வரலாற்றாசிரியர் பிடிச்சுக்கிட்டார். வடக்குப் படை உள்ள புகுந்ததே அந்த ஆத்து வழியாத்தான். வடக்குத் தளபதி கிரான்ட் படகுல போய்க் கோட்டையைப் பிடிச்சார். இத்தனைக்கும் அதே கிரான்டைப் புகழ்ந்து கீகனே 1987ல எழுதியிருக்கார்.

மாமனார்: (முகம் மலர்ந்து) ஆத்தையே வேலின்னு எழுதிட்டாரா! சர் பட்டம் வாங்கினவரு!

மருமகள்: மனுஷன்தானே மாமா.

மாமனார்: அவருக்கு ரெண்டு ஆறு தள்ளுபடி. அப்ப என் ஏழு டாங்க்ல ஒரு நாலையாவது திருப்பிக் குடு.

மருமகள்: முடியாது.

மாமனார்: ரெண்டு.

மருமகள்: லாரிக்கு அடியிலேர்ந்து எதுவும் தெரியலைன்னு நீங்கதான் சொன்னீங்க.

மாமனார்: புகை வந்துச்சும்மா. சத்தியமா மூக்குல ஏறிச்சு.

மருமகள்: சரி, புகையை வெச்சுக்கோங்க.

மாமனார்: எத்தனை டாங்க் புகை?