ஸ்கேன் டிஸ்க்கின் கடைசிப் படம்

அம்மாவுக்குப் பதினோரு நாளில் இரண்டு சி.டி. ஸ்கேன். இரண்டுமே வயிற்றுக்குத்தான். முதல் ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து இன்னொரு பெரிய இடத்துக்குப் போனோம். கையில் ரிப்போர்ட், பிலிம், டிஸ்க் எல்லாம் இருந்தது. கவுன்டரில் இருந்தவர் டிஸ்க்கை வாங்கிக் கணினியில் போட்டார். இரண்டு நிமிடம் அது சுற்றிக்கொண்டே இருந்தது. எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஓப்பன் ஆகலைங்க. இங்கேயே ஒண்ணு எடுத்துடலாம், டாக்டருக்கும் வசதியா இருக்கும்."

நானும் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அதே டிஸ்க் வீட்டில் என் பழைய மடிக்கணினியில் முதல் தடவையிலேயே திறந்தது. நூற்றுக்கணக்கான படங்கள். எதுவும் புரியாமல் கடைசி வரை தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் வயிறும் இல்லை, எலும்பும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு சின்ன அட்டவணை. அதில் டி.எல்.பி. என்று போட்டு 610 என்று ஒரு எண். இரண்டாவது ஸ்கேனின் டிஸ்க்கையும் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே மாதிரி அட்டவணை, ஆனால் மூன்று வரிசை. கூட்டினால் 1,780.

அந்த ஸ்கேனில் இயந்திரம் உடம்புக்குக் கொடுத்த கதிர்வீச்சின் கணக்கு அது. வயிற்று ஸ்கேன் என்றால் அந்த எண்ணை 0.015ஆல் பெருக்கினால், பெரியவர்களுக்குத் தோராயமாக எத்தனை மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று கிடைத்துவிடும். முதல் ஸ்கேன் 9 மில்லிசீவர்ட்டுக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது கிட்டத்தட்ட 27. ஆக மொத்தம் 36. மண், பாறை, காற்றில் உள்ள ரேடான் வாயு, வானத்திலிருந்து வருவது என்று இயற்கையாகவே மனிதர்கள் வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். பதினைந்து வருடக் கணக்கை அம்மாவுக்குப் பதினோரு நாளில் கொடுத்திருக்கிறோம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவர்ட்டைக்கூடத் தொடாது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது ஸ்கேன் ஏன் மூன்று மடங்கு? மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஏற்றியவுடன் ஒரு தடவை, சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை என்று படம் எடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றும் தனி ஸ்கேன் மாதிரிதான். (ஏற்றும் மருந்துதான் கதிர்வீச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் அயோடின் கலந்த மருந்து. அலர்ஜி, சிறுநீரகம் பற்றிய கவலை வேறு.) கல்லீரலில் ஒரு கட்டி இருந்து அது என்ன ரகம் என்று கண்டுபிடிக்க மூன்று சுற்று தேவைப்படலாம். அம்மாவுக்குத் தேவைப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து எடுக்க வேண்டிய ஸ்கேனைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். 10 மில்லிசீவர்ட் கொடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனால் உயிர்போகும் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 2,000இல் ஒன்று கூடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. அதே 2,000 பேரில் ஸ்கேன் பக்கமே போகாவிட்டாலும் சுமார் 400 பேர் எப்படியும் புற்றுநோயால்தான் இறப்பார்கள். 400 என்பது 401 ஆகிறது. குடல்வால் வெடித்திருக்கிறதா, தலைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் அந்த ஒன்றைப் பற்றி யோசிப்பது அபத்தம். அங்கே எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

ஆனால் டிஸ்க் திறக்கவில்லை என்பதற்காக எடுக்கும் ஸ்கேனில் தராசின் மறுதட்டு காலி. ஆபத்து சின்னது என்றால் லாபமும் ஏதாவது இருக்க வேண்டாமா?

இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பிப் பிழைத்தவர்களிடமிருந்து. 1950 முதல் சுமார் 1,20,000 பேரை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்கிறார்கள். யார் குண்டு விழுந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தார்கள் என்பது வரை குறித்துவைத்து, பின்னாளில் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று பார்த்தார்கள். 100 மில்லிசீவர்ட்டுக்கு மேலே படம் தெளிவாக இருக்கிறது. கீழே வரவர மங்கலாகிறது. அளவு பாதியானால் ஆபத்தும் பாதி, எவ்வளவு குறைந்தாலும் முழுக்கப் பூஜ்யம் ஆகாது என்று வைத்துக்கொண்டு கோட்டை நேராகக் கீழே இழுக்கிறார்கள். கதிர் டி.என்.ஏ.வை அறுக்கிறது, செல் அதைப் பெரும்பாலும் ஒட்டிச் சரிசெய்துகொள்கிறது, அப்படியிருக்கச் சின்ன அளவுக்கும் அதே கணக்கு எப்படிச் சரியாகும் என்று வாதாடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவின் அணுத்துறைத் தொழிலாளர்கள் 3 லட்சம் பேருக்கு மேல் வைத்து 2023இல் வந்த ஆய்வு, கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் வாங்கியவர்களிடமும் ஆபத்து கூடுவதைக் காட்டியது. அதனால் நான் நேர்கோட்டுக்காரர்கள் பக்கம்தான் சாய்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் ஊகத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட சுமார் 1,78,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2012இல் வந்தது. ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் வாங்கிய அளவுக்கு ஏற்பக் கூடியிருந்தன. ஏற்கெனவே ஏதோ கோளாறு இருந்ததால்தானே ஸ்கேன் எடுத்திருப்பார்கள், ஸ்கேனையா குற்றம் சொல்வது என்ற எதிர்ப்பு உடனே கிளம்பியது. அதையும் மனதில் வைத்து ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் கிட்டத்தட்ட 9.5 லட்சம் பேரை எடுத்துக்கொண்டு பெரிய ஆய்வு நடந்தது. 2023இல் முடிவு வந்தது. இன்றைய அளவுகளில் 10,000 குழந்தைகளுக்கு சி.டி. எடுத்தால், அடுத்த சில வருடங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு அதனால் ரத்தப் புற்றுநோய் வரலாம். குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. அதோடு, பின்னால் வரக்கூடிய கட்டிகளுக்கு இன்னும் அறுபது எழுபது வருடம் பாக்கி இருக்கிறது. அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கும் ஆறு வயதுப் பையனுக்கும் ஒரே எண் ஒரே பொருள் தராது.

ஆறு வயதுப் பையன் என்று சும்மா சொல்லவில்லை. அம்மாவின் இரண்டாவது ஸ்கேனுக்காக நாங்கள் காத்திருந்த அதே இரவு, பக்கத்து நாற்காலியில் ஒரு பையன். ஊஞ்சலிலிருந்து விழுந்து நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். அழுது முடித்து, அப்பாவின் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். டியூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். குனிந்து அவன் கண்ணைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், நாலைந்து கேள்வி கேட்டார்.

"வாந்தி எடுத்தானா? மயங்கினானா?"

"இல்ல டாக்டர். ஆனா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டா எங்களுக்கு நிம்மதி."

"நிம்மதிக்காக இந்த வயசுல ஸ்கேன் வேண்டாங்க. நாலு மணி நேரம் இங்கேயே உக்காருங்க. நான் வந்து வந்து பாக்கறேன்."

அவர் நகர்ந்ததும் அந்த அப்பா என் பக்கம் திரும்பி, "எழுதிக் கொடுக்கறதுல இவருக்கு என்ன சார் கஷ்டம்?" என்றார். நானும் ஆமாம் என்றேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த டாக்டர் கேட்டவை மனம்போன போக்கில் கேட்ட கேள்விகள் இல்லை. 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2009இல் அமெரிக்காவில் உருவான விதிமுறை ஒன்று இருக்கிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை நினைவோடு இயல்பாக இருக்கிறது, மயங்கவில்லை, வாந்தி இல்லை, கடுமையான தலைவலி இல்லை, மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்த அறிகுறி இல்லை, விழுந்த விதமும் மோசமானதில்லை என்றால் தலைக்குள் ஆபத்தான காயம் இருக்கும் வாய்ப்பு 0.05 சதவீதத்துக்கும் கீழே. அவர் அதைத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்கேன் எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அவருக்குப் பத்து நிமிட வேலை. நாலு மணி நேரம் வந்து வந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது என்று சொல்ல வருகிறேன். கேட்டு வாங்கிக்கொள்பவர்கள் நாம்தான். எந்தத் தொந்தரவும் இல்லாமல் தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்தால் எதையாவது கண்டுபிடிக்கும். ஒரு சின்ன நிழல், அது என்ன என்று பார்க்க இன்னொரு ஸ்கேன், ஆறு மாதம் கழித்து மறுபடி ஒன்று. பல வருடம் நிறையப் புகைபிடித்தவர்களுக்குக் குறைந்த அளவு நெஞ்சு சி.டி. எடுத்துப் பார்ப்பது வேறு கதை. அது நுரையீரல் புற்றுநோய்ச் சாவை 20 சதவீதம் குறைத்தது என்று 2011இல் நிரூபித்தார்கள், அளவும் சுமார் 1.5 மில்லிசீவர்ட்தான்.

நாம் பயப்படும் இடமும் தப்பு. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போகும்போது கதிர்வீச்சு என்று நடுங்குகிறோம். அதில் கதிரே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். அல்ட்ராசவுண்டிலும் கிடையாது. பல் எக்ஸ்ரேக்கு ஈய ஏப்ரன் போடவில்லை என்று சண்டை போடுகிறோம். அதன் அளவு ஒரு நாள் இயற்கையாக வாங்குவதற்குப் பக்கத்தில்தான் வரும். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) சுமார் 0.4 மில்லிசீவர்ட், அதற்குப் பயந்து பரிசோதனையைத் தவிர்க்கும் பெண்களை எனக்குத் தெரியும். சி.டி.க்கு மட்டும் யாரும் முகம் சுளிப்பதில்லை. வலிக்காது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், படம் அழகாக இருக்கும்.

அமெரிக்காவில் 2023இல் எடுத்த சுமார் 9.3 கோடி சி.டி. ஸ்கேன்களால் காலப்போக்கில் சுமார் 1,03,000 பேருக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்று 2025இல் ஒரு கணக்கு வெளியானது. கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் அதை எதிர்த்தது. இது கணித மாடல் வைத்து ஊகித்த எண், நோயாளிகளை எண்ணிப் பார்த்து வந்தது இல்லை என்றார்கள். உண்மைதான். ஆனால் கால்வாசி ஸ்கேன் தேவையில்லாதது என்று தெரிந்தால், அந்தக் கால்வாசியை நிறுத்த எண் துல்லியமாக இருக்க வேண்டுமா என்ன?

லாஸ் ஏஞ்சலிஸில் 2009இல் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஒரு மருத்துவமனையில் மூளை சி.டி. இயந்திரத்தின் அமைப்பைத் தவறாக மாற்றிவைத்து, 18 மாதம் 206 பேருக்கு எட்டு மடங்கு கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள். எப்படித் தெரிந்தது? ஒரு நோயாளிக்குத் திட்டுத் திட்டாக முடி கொட்டியது. 18 மாதமும் அந்தக் கதிர்வீச்சு எண் ஒவ்வொரு ஸ்கேனிலும் திரையில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதன் பிறகு கலிபோர்னியா சட்டமே போட்டது. 2012 ஜூலை முதல் சி.டி. ரிப்போர்ட்டில் அந்த அளவு பதிவாக வேண்டும். என் கருத்து இவ்வளவுதான்: இதை எல்லா இடத்திலும் செய்ய வேண்டும். டிஸ்க்கின் கடைசிப் படத்தில் கறுப்புத் திரையில் இல்லை, ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில், ரத்த குரூப் போடுவது மாதிரி. இயந்திரம் ஏற்கெனவே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. அதை இரண்டு பக்கம் தள்ளி டைப் செய்ய யாருக்கும் கை வலிக்காது.

அதுவரைக்கும் நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பக்கம். தேதி, எந்தப் பகுதி, என்ன ஸ்கேன், என்ன எண். டிஸ்க்கை பென் டிரைவிலும் ஏற்றிவைத்திருக்கிறேன். ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் ஒரே ஒரு கேள்வி கேட்கப் பழகியிருக்கிறேன்: இதில் என்ன வந்தால் சிகிச்சை மாறும், டாக்டர்? கோபப்படுவார்கள் என்று பயந்தேன். இதுவரை ஒருவர்தான் கோபப்பட்டார்.

போன மாதம் அம்மாவுக்கு அதே வலி மறுபடி வந்தது. புது டாக்டரிடம் நோட்டை நீட்டினேன். இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "முதல்ல அல்ட்ராசவுண்ட் பாத்திருக்கணுமே, யாரும் பாக்கலையா?" என்றார். பித்தப்பையில் கல். சில வகைக் கற்கள் பித்தநீரோடு நிறம் கலந்துபோய் சி.டி.யில் தெரியாதாம். இரண்டு ஸ்கேனிலும் தெரியாத கல் அல்ட்ராசவுண்ட் திரையில், அம்மாவுக்கே தெரிகிற மாதிரி, உருண்டுகொண்டிருந்தது.

நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு, எண் எழுதும் இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டேன்.