மண்வாசனை வந்தால் தீப்பெட்டியை உள்ளே வையுங்க

சித்திரை மாசம், மதியம் மூணு மணிக்கு மேல் ஈரோடு மாவட்டத்துக் கடம்பூர் மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் முகம் மலரும். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு.

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கரும்பு வெட்டி முடிந்து ஒன்றரை ஏக்கரில் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, முழங்கால் உயரம் கிடந்தது. அதைக் கழித்துவிட்டு, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிற கட்டைக்கரும்புக்குத் தண்ணி விட வேண்டும். மலையில் இடி உருண்டுகொண்டிருந்தது. அன்றைக்கு வானிலை அறிக்கையிலும் இடி மின்னலுடன் மழை என்றுதான் இருந்தது. சித்தப்பா சொன்னார்: "மழ வர்றதுக்குள்ள நெருப்ப வெச்சுரு கண்ணு. நனஞ்சுபோச்சுன்னா பத்து நாளைக்குப் பத்தாது. மீறிப் போனாலும் மழையே அணச்சுப்போடும்." எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. லேசான தெக்காலக் காத்து. வடக்கே வாய்க்கால். தீ அந்தப் பக்கம் போய்த் தானாக அவிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்தோம்.

பாதி எரிந்திருக்கும். திடீரென்று காத்து நின்றுபோனது. புகை தென்னை மரம் மாதிரி நேராக மேலே போனது. அப்புறம் சில்லென்று ஒரு ஊதல், கூடவே மண்வாசனை. தெற்கே இருக்கிற வாழைத்தோட்டத்து அக்கா வரப்பில் நின்று "மழ வந்துருச்சுங்க" என்று சிரித்தார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, நின்ற புகை அவர் பக்கமாகப் படுத்துவிட்டது. மலைப் பக்கமிருந்து வந்த தள்ளில் கிளுவை வேலியில் ஏறிக் கிடந்த காய்ந்த கொடி பிடித்தது. கண்மூடித் திறப்பதற்குள் தீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.

நாலைந்து பேர் வேப்பங்கொழை ஒடித்து அடித்தோம். மோட்டாரைப் போட்டுவிட்டு யாரோ ஓடி வந்தார்கள். தோட்டத்துச் சாளை வீடு தப்பியது. அறுபது வாழை மரம் இலை கருகி நின்றது. சொட்டுநீர்க் குழாய் உருகிக் கறுப்புக் கஞ்சி மாதிரி மண்ணோடு ஒட்டிக்கிடந்தது. சரி, மழை? என் சட்டையில் எண்ணி ஏழு சொட்டு. அதே நேரம் எட்டு கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் பள்ளத்தில் தண்ணி போகிற அளவுக்குப் பெய்திருக்கிறது. குழாய்க்குப் பணம் கொடுத்துவிட்டேன். வாழைக்கு அந்த அக்கா வாங்க மறுத்துவிட்டார். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்கப்புறம்தான் இது என்ன காத்து என்று தேடிப் படித்தேன். ஆடிக் காத்தை நமக்கு நன்றாகத் தெரியும். அம்மி பறக்கும் என்று பழமொழி இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது, அதை நம்பிப் பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. சித்திரை மேகத்திலிருந்து வருகிற இந்தக் காத்துக்குப் பழமொழி ஒன்றும் நான் கேட்டதில்லை. அரைமணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடுகிறது, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை போல.

விஷயம் எளிதுதான். கோடையில் நம் மேகம் ரொம்ப உயரத்தில் கட்டுகிறது. மேகத்தின் அடி எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. காற்றின் வெப்பநிலையில் பனிநிலையைக் கழித்து 125 ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம் வரும். பனிநிலை என்றால் காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் ஈரம் பனியாகப் படியுமோ அந்த அளவு. வெயில் 38 டிகிரி, பனிநிலை 18 என்று வையுங்கள். 20ஐ 125 ஆல் பெருக்கினால் 2500 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து துளி காய்ந்த காற்றுக்குள் விழுகிறது. பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. மலைமேல் தலைமுடி மாதிரி மழை தொங்கும், தரையைத் தொடாது, பார்த்திருப்பீர்கள். மண்பானைத் தண்ணி எதனால் குளிர்கிறதோ அதே காரணத்தால் துளி ஆவியாகும்போது சுற்றியிருக்கிற காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனம். பொத்தென்று கீழே விழுந்து, தரையில் மோதி, நாலாபக்கமும் ஓடுகிறது. பல கிலோமீட்டர் தாண்டியும் ஓடும். நாம் மோந்து பார்த்துச் சந்தோஷப்பட்ட மண்வாசனை எங்கேயோ நனைந்த மண்ணுடையது. அதைச் சுமந்து வந்ததே இந்தக் காத்துதான்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். வானிலைத் துறை இதைச் சொல்லாமல் இல்லை. அறிக்கையை முழுசாகப் படித்தால் "மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில் பலத்த காற்று" என்ற வரி இருக்கும். "ஓரிரு இடங்களில்" என்றும் இருக்கும். இந்தச் சொல்லுக்கு ஒரு திட்டமான அளவு உண்டு. மழை அளக்கிற நிலையங்களில் 25 சதவீதத்துக்கு மேற்படாத இடங்களில் பெய்தால் அது ஓரிரு இடம். அதாவது நாலில் மூணு ஊருக்கு மழை கிடையாது. ஆனால் அந்த மூணில் பல ஊருக்குக் காத்து உண்டு. செய்தியில் இதையெல்லாம் வெட்டிவிட்டு "கொங்கு மண்டலத்தில் மழைக்கு வாய்ப்பு" என்று ஒரு வரி ஓடுகிறது. நாமும் அதை மட்டும் படித்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடுகிறோம். மழை இல்லாத நாளில் "ஈரோட்டில் சதமடித்த வெயில்". ஈரப்பதம் எவ்வளவு, காத்து எந்தத் திசை, இதைத் தலைப்பில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

மாவட்டம் மாவட்டமாகச் சொல்வதும் நமக்குப் பத்தாது. தாளவாடியும் கொடுமுடியும் ஒரே மாவட்டம். ஒன்று மலைமேல், இன்னொன்று காவிரிக்கரை. வால்பாறையும் அன்னூரும் ஒரே மாவட்டம். இவற்றுக்கு ஒரே வரி முன்னறிவிப்பு என்றால் அது யாருக்கு?

வெளிநாட்டில் நெருப்புக்கென்றே தனி வானிலை சொல்கிறார்கள். அமெரிக்க வானிலைத் துறை காத்தும் வறட்சியும் சேர்கிற நாளுக்குச் சிவப்புக் கொடி எச்சரிக்கை விடுகிறது. மழையில்லாத இடி மின்னலைத் தனி ஆபத்தாகவே கணக்கில் எடுக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் அப்படி வந்த மின்னல்தான் நூற்றுக்கணக்கான இடங்களில் காட்டைக் கொளுத்தியது. ஸ்பெயினில் இன்னும் சுருக்கம்: மூணு முப்பது. வெயில் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே, காத்து 30 கிலோமீட்டருக்கு மேல் என்றால் உஷார். எங்கள் ஊரில் முதல் முப்பது மாசியிலேயே வந்து உட்கார்ந்துவிடும். மிச்சம் ரெண்டைத்தான் பார்க்க வேண்டும். அந்த ரெண்டைத்தான் நமக்கு யாரும் தலைப்பில் சொல்வதில்லை.

"நம்ம காட்டுல மின்னல்ல எங்கீங்க தீப்பிடிக்குது, மூங்கில் உரசிப் பிடிக்குது" என்று சிலர் வருவார்கள். நம் நாட்டுக் காட்டுத்தீயில் பெரும்பாலானவை மனுசன் வைத்ததுதான். பீடித் துண்டு, சமைத்த அடுப்பு, என்னை மாதிரி சோகைக்கு வைத்தவன். மூங்கிலைக் குற்றம் சொன்னால் யார் பேரும் கெடாது, அதனால் அந்தக் கதை நிற்கிறது. யார் வைத்திருந்தாலும் அதை ஓட வைப்பது காத்துதான். மேட்டில் ஏறும் தீ சமவெளித் தீயைவிட வேகம், சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் நம் ஈரோட்டுப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, காத்து. 2023 ஏப்ரலில் மதுக்கரைப் பக்கத்து மலை நாள்கணக்கில் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டரில் பெரிய வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணி கொண்டுவந்து ஊற்றினார்கள். சாலையில்லாத மலைக்கு வேறு வழி கிடையாது. ஆனால் அந்த நிலைமைக்குப் போனபிறகு வாளி எத்தனை ஊற்றினாலும் வனத்துறைத் தீக்காவலர்கள் கொழையோடு நடந்துபோய் அடித்தால்தான் முழுசாக அணையும்.

வெள்ளியங்கிரிக்கு நாம் ஏறுவதும் மாசி, பங்குனி, சித்திரையில்தான். சரியாகத் தீக்காலம். கையில் தடி, பையில் கற்பூரம். இதற்கு மேல் நான் சொன்னால் பக்திக்கு எதிரி என்று கிளம்புவார்கள், விட்டுவிடுகிறேன்.

எனக்கு வேண்டியது பெரிசாக ஒன்றும் இல்லை. தை கடைசியிலிருந்து வைகாசி வரைக்கும் மலையோர ஒன்றியங்களுக்கு மட்டுமாவது தமிழில் ஒரு குறுஞ்செய்தி: இன்று மதியம் ஈரப்பதம் இவ்வளவு, மேகக் காத்து வரலாம், தீ வைக்காதீர்கள். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ தெரிந்த உடனே எச்சரிக்கை அனுப்புகிறது, நல்லதுதான். ஆனால் அது பற்றிய பிறகு வருகிற செய்தி. கோவையிலேயே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, விதைக்கவும் மருந்தடிக்கவும் நாள் பார்த்துச் சொல்கிறார்கள். சோகை எரிக்காதே என்று சொல்லவும் அதே வழி போதும். அதுவரைக்கும் நான் தாமினி செயலியைப் பார்க்கிறேன். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை நிறுவனம் செய்தது, பக்கத்தில் 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் காட்டும். மின்னலுக்குப் பயந்து பார்ப்பவர்கள்தான் அதிகம். நான் காத்துக்காகப் பார்க்கிறேன்.

நேற்றும் மலையில் கறுத்தது. சித்தப்பா போன் போட்டார். வேலியோரம் வெட்டிப் போட்ட முள்ளு ஒரு அம்பாரம் கிடக்கிறது. "ஈரம் எத்தன காட்டுது கண்ணு?" என்றார். 27 என்றேன். "அப்ப கெடக்கட்டும்" என்று வைத்துவிட்டார். மழை வரவில்லை. காத்து மட்டும் இருட்டும் வரைக்கும் அடித்தது. அந்த அக்கா தோட்டத்தில் வாழைக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பு ரெண்டு சாய்ந்திருந்தது. காலையில் போய் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.