அறுப்பின் பண்டிகைக்கு வருகிறவர்களுக்கு யார் சொல்வது?

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில், விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் கொண்டாடும் அறுப்பின் பண்டிகையின் அழைப்பிதழ் என்றால் பேராயர் பெயர், ஆயர் பெயர், கமிட்டியில் உள்ள அத்தனை பேர் பெயரும் இருக்கும். வருகிற விருந்தாளிக்குத் தேவையான விவரம் பெரும்பாலும் இருக்காது. சாப்பாட்டு டோக்கன் எவ்வளவு, சிறு பிள்ளைகளுக்கும் வாங்க வேண்டுமா, சைவச் சாப்பாடு உண்டா, வண்டியை எங்கே விடுவது, வயதானவர்கள் உட்கார நாற்காலி இருக்குமா? சபையாருக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். பக்கத்துத் தெரு இந்துக் குடும்பத்துக்கும், ஊருக்கு மாற்றலாகி வந்தவருக்கும் யார் சொல்வது?

முக்கியமாக, காணிக்கையாக வந்த பொருள்களை விடும் ஏலத்தை விளக்க வேண்டும். முதல் முறை வருகிறவருக்கு அது புரியவே புரியாது. ஒரு வாழைத்தார், ஒரு சேவல், வீட்டில் செய்த ஒரு கேக் கடை விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே சில சமயம் "மறுபடியும் ஏலம் விடுங்கள்" என்று திருப்பிக் கொடுப்பார். அதே தார் இரண்டு மூன்று பேரிடம் போய் வரும். கொடுக்கிற பணம் பொருளுக்கான விலை இல்லை, காணிக்கை என்று நமக்குத் தெரியும். புதிதாக வந்தவருக்குத் தெரியாதே! தன்னையும் கேட்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார். "ஏலம் கேட்பது உங்கள் விருப்பம். எடுத்த பொருளுக்கு அன்றே பணம் கட்டலாம், அல்லது இந்தத் தேதிக்குள் சபை அலுவலகத்தில் கட்டலாம். இந்த வருடம் வரும் பணம் இன்ன வேலைக்குப் போகிறது." இவ்வளவு போட்டால் போதும்.

இன்றைய வடிவிலான இந்தப் பண்டிகையை 1843-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில், மார்வென்ஸ்டோ என்ற ஊரின் குருவானவர் ராபர்ட் ஹாக்கர் தொடங்கினார். விளைச்சலுக்கு நன்றி சொல்லத்தான் அவர் மக்களைக் கூப்பிட்டார். நிதி திரட்டுவது தவறு என்று நான் சொல்லவில்லை. கூரை ஒழுகினால் பணம் வேண்டும், ஏழைப் பிள்ளையின் படிப்புக்கும் வேண்டும். ஆனால் வேதத்தில் லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் அறுப்புக்காலப் பண்டிகையைச் சொன்ன கையோடு, வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது. நம் பண்டிகையில் அந்த ஓரம் எங்கே இருக்கிறது? டோக்கன் விலையைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வருகிற அம்மாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது தாங்கவில்லை.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அசனம் என்கிற சபை விருந்தில் பொதுவாக யாரும் டோக்கன் கேட்பதில்லை. எந்த மதத்தவரானாலும் ஊரே வந்து சாப்பிடும். எல்லா இடத்திலும் அப்படி நடத்த முடியாது, சரி. "பணம் இல்லாவிட்டாலும் வாருங்கள், பந்தியில் உங்களுக்கும் இடம் உண்டு" என்று ஒரு வரி அச்சடிக்கலாமே. வசதியுள்ளவர்கள் கூடுதலாக வாங்கும் டோக்கன்களை ஆயர் அம்மாவிடம் (ஆயரின் மனைவியிடம்) கொடுத்து வைத்தால், யாருக்குத் தேவை என்று அவருக்குத் தெரியும். அதை மைக்கில் சொல்ல வேண்டாம்.

கமிட்டியில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். விவரத்தை ஒரு தாளில் எழுதி கேட்டில் ஒட்டுங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அப்புறம், வாலிபர் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேரைக் காலையிலிருந்தே வாசலில் நிற்க வையுங்கள். புதிதாக வருகிறவர்களை அவர்களே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கட்டும்.